குரங்கு விரட்டப் பழகிய கை

மதினி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் கணவரின் அக்கா அவர். மாத்தளை டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் எனக்கு ஏதாவதொரு புத்திமதி சொல்லாமல் திரும்பிப் போன சரித்திரம் கிடையாது. அன்றைக்கு அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ. எங்கோ வெளிநாட்டில், வாலில்லாத பெரிய குரங்கொன்றைக் குட்டியிலிருந்தே மனிதர்களோடு வளர்த்து, கைச்சைகையால் பேசப் பழக்கியிருக்கிறார்கள். அது விரல்களைக் குவித்து வாயில் தட்டுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு துண்டுப் பழத்தை நீட்டுகிறாள். அதற்கு எத்தனையோ வார்த்தை தெரியும் என்று பின்னால் ஒரு குரல் பெருமையடித்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா? ஒரு குரங்கு, அதுவே தனக்கு வேணுங்கிறத கேட்டு வாங்குது. நம்ம புள்ளைக்கு ரெண்டரை வயசாகப் போகுது. அம்மான்னு ஒரு வார்த்த வரல. நீ என்னடான்னா ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் அ, ஆ சொல்லிக் குடுக்குற.”

சுருக்கென்று தைத்தது. வாய்வரைக்கும் வந்ததைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். நான் இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். பேச்சு வராத பிள்ளையைப் பெற்ற டீச்சர் என்று சந்தியில் நாலு பேர் பேசுவது என் காதுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. என் மகன் பேசுவானா, மாட்டானா? சோறு வடிக்கும்போதும், பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போதும், எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான்.

“காலையில இருந்து அந்தத் தோட்டத்துல குரங்கு வெரட்டிக்கிட்டுக் கெடந்தா புள்ளையும் குரங்காத்தான் போவும்,” என்று எழும்பும்போது சொன்னார் மதினி. என் கணவர் சிரித்து மழுப்பினார். மதினி சொன்னதைவிட அவர் சிரித்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மேலே தேயிலை முடிந்து, கீழே மிளகும் கராம்பும் தொடங்குகிற சரிவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஏறிப் போனால் என் கணவரின் தோட்டம். வாழை, போஞ்சி, சோளம், ஓரத்தில் கொஞ்சம் தென்னை. எல்லாவற்றுக்கும் எங்களுக்கு முன்னால் குரங்குதான் சொந்தக்காரன். தென்னையின் பிஞ்சுக் குரும்பட்டியைப் பிய்த்து எறியும், சோளக்கதிரைக் கடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கதிருக்குப் போகும். தின்றால்கூடப் பரவாயில்லை, அந்த அநியாயத்தைத்தான் பார்க்க முடியாது.

அவற்றை விரட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. கத்தக் கூடாது. மனிதக் குரல் கேட்டால் ஆள் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டு, கூட்டம் மறுபக்கத்தால் இறங்கிவிடும். அதனால் மூச்சுக்காட்டாமல் இருந்து, பக்கத்தில் வரவிட்டு, யானை வெடியைக் கொளுத்தி எறிய வேண்டும். அதற்கெல்லாம் கையால்தான் பேச்சு. இரண்டு விரலால் கன்னத்தைத் தட்டினால் குரங்கு. தோளை உயர்த்திக் காட்டினால் தாட்டான், கூட்டத்துக்குத் தலைவனான பெரிய ஆண். பெருவிரலை லைட்டர் மாதிரி உரசினால் வெடி. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் சத்தம் போடாதே. இரண்டு கையையும் விரித்தால் போய்விட்டது. “வெடின்னு வாயால சொன்னா அதுங்களுக்கு வெளங்கிரும்,” என்பார் என் கணவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே நம்புகிறார். தோட்டத்துக்கு வெளியே, வீட்டுக்குள்கூட, அவர் அதிகம் பேசுகிற மனிதர் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போனால் மகன் அவரோடுதான் இருப்பான். நடக்கத் தொடங்கியதிலிருந்தே தோட்டம்தான் அவனுக்கு வீடு. அவனைப் போல ஒரு காவல்காரன் கிடையாது என்று அக்கம்பக்கமெல்லாம் பேச்சு. சத்தம் போடாதே என்று கையைக் காட்டினால் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருப்பான். எந்த மரத்தில் இலை அசைந்தாலும் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துக் கன்னத்தைத் தட்டுவான். மற்றப் பிள்ளைகள் யானை வெடிக்கு வீறிட்டு அழும்போது இவன் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டான். “பயம்னா என்னன்னு தெரியாத புள்ள,” என்று அவர் தோளில் தூக்கிக்கொள்வார். எனக்கும் அதில் பெருமை இல்லாமலில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போதெல்லாம், சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறானா என்று கேட்பார்கள். பார்க்கிறான் என்பேன்.

மதினி போன பிறகு அந்த வீடியோவை என் போனிலேயே தேடி எடுத்தேன். பள்ளிக்கூட இடைவேளையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் வந்தது கோபம். அந்தக் குரங்கு வாயைத் தட்டினால் அதை ஒரு வார்த்தை என்று எண்ணுகிறார்கள். என் மகன் கன்னத்தைத் தட்டினால் அது வார்த்தையில்லையா? மதினி அடுத்த முறை வரட்டும், நேரே கேட்டுவிடுவது என்று மனதுக்குள் வசனமெல்லாம் தயாரித்தேன்.

ஆனால் பார்க்கப் பார்க்க வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அந்தக் குரங்கு எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தா, இன்னும் தா, திற, வா. கொடுத்தவுடன் கை ஓய்ந்துவிடும். ஓரிடத்தில் அதன் பின்னால் ஜன்னலில் ஒரு பறவை வந்து உட்காருகிறது. குரங்கு திரும்பி அதைப் பார்க்கிறது. அந்தப் பெண்ணிடம் ஒன்றும் காட்டவில்லை. திரும்பவும் பழத்துக்குக் கையை நீட்டுகிறது.

என் வகுப்பு ஜன்னலில் ஒரு காக்கா உட்கார்ந்துவிட்டால் அன்றைய பாடம் அதோடு சரி. “டீச்சர், காக்கா! டீச்சர், காக்கா!” எனக்கும் கண் இருக்கிறது, எனக்கும் காக்கா தெரிகிறது. அவர்களுக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வதில் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை. இருந்தும் சொல்லாமல் இருக்க முடியாது. அதட்டி உட்கார வைப்பதே எனக்கு வேலை. இந்த முறை காக்கா வந்தபோது சோக்கட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் மகன் எனக்கு ஒரு காக்காவைக் காட்டியிருக்கிறானா?

குரங்கைக் காட்டுகிறான், உண்மைதான். ஆனால் காட்டினால் அப்பா தோளில் தூக்குவார் என்று அவனுக்குத் தெரியும். பழத்துக்குப் பதில் தோள். அதுவும் கேட்பதுதானோ? இந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. பெற்ற பிள்ளையை ஒரு வீடியோக் குரங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

வாயைத் திறக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிடிவாதமாக ஒரு வேலை செய்தேன். பிஸ்கட் டின்னை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன். அவன் வந்து என் உடுப்பை இழுத்தான், மேலே காட்டினான், வாயில் தட்டினான். “சொல்லு. பிஸ்கட். சொன்னாத்தான் தருவேன்.” என் முகத்தையே பார்த்தான். என் வாய் அசைவதைப் பார்த்தான். அவனும் வாயைத் திறந்து மூடினான், மீன் மாதிரி, சத்தமே இல்லாமல். “வெளையாடாத. சொல்லு!” குரலை உயர்த்தினேன். என் முகம் மாறியதைக் கண்டதும் அழத் தொடங்கினான். மற்றப் பிள்ளைகளின் அழுகை போலில்லாமல், ஏற்ற இறக்கமில்லாத ஒரே கட்டைக் குரல். அது எனக்குப் பழகிப்போன குரல்தான். அன்றைக்கு ஏனோ அது புதிதாகக் கேட்டது.

சத்தம் கேட்டு என் கணவர் ஓடிவந்தார். “புள்ளைய ஏன் இப்படி வதைக்கிற? அவன் கேட்டுட்டான்ல?”

“கேக்கத்தான் தெரியுது. குரங்கும்தான் கேக்குது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் டின்னை எடுத்து மகனின் கையில் கொடுத்தார். “ஒனக்கு அவன் ஒரு சைகை வச்சிருக்கான், தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. பின்நேர பஸ் வளைவில் திரும்புகிற நேரத்துக்கு மகன் முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவானாம். குடை. வெயிலானாலும் மழையானாலும் நான் குடை பிடித்துக்கொண்டுதான் இறங்கி வருவேன். “நான் சொல்லிக் குடுக்கல. அவனா வச்சது.” சந்தோஷப்பட வேண்டிய நேரம். அதிலும் என் புத்தி, அம்மா வேண்டும் என்று கேட்கிறான், அவ்வளவுதானே என்று குதர்க்கம் பேசியது.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்தில் மூவரும் இருந்தோம். கூட்டம் தென்னைப் பக்கமாக இறங்கியிருந்தது. மகன் எனக்கு எதிரே குந்தியிருந்து, மண்ணில் போகிற எறும்பு வரிசையைக் குச்சியால் மறித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வாழைகளுக்கு அந்தப் பக்கம், என் கணவர் வெடியைக் கொளுத்தி எறிந்தார். எனக்கு முன்கூட்டித் தெரியாது. வெடித்த வெடியில் நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிட்டேன். மகன் குனிந்தபடியே எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கால் அசைந்ததைக் கண்டுதான் நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான், என் கண் போகிற திசையைப் பார்த்தான், அதற்குப் பிறகு திரும்பி வாழைப் பக்கம் பார்த்தான்.

திரும்பிப் பார்க்கிறான். ஆமாம், திரும்பித்தான் பார்க்கிறான்.

அவனுக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு முறை, பலமாக. எறும்புகள் குச்சியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அவன் அவற்றோடு இருந்தான்.

“வீட்டுக்கு வாங்க,” என்றேன் என் கணவரிடம். “என்னாச்சு?” என்றார். “வாங்க.”

மகனை அவர் மடியில், அவர் முகத்தைப் பார்க்கும்படி உட்கார வைத்தேன். “கண்ண மூடிக்குங்க. நான் என்ன செஞ்சாலும் தொறக்காதீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் அவன் திரும்புறான்.”

“என்ன பைத்தியக்காரத்தனம் இது? அவன் பயப்படாத புள்ள.”

“மூடுங்க.”

மூடினார். மகன் அவர் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினான். நான் குசினியிலிருந்து பெரிய சோற்றுப் பானையையும் மூடியையும் எடுத்து வந்து அவனுக்குப் பின்னால் நின்றேன். திரும்பு, திரும்பிவிடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மூடியைப் பானையில் அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் கணவர் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார். அப்பா துள்ளியதைப் பார்த்து மகன் கலகலவென்று சிரித்தான். இன்னொரு முறை துள்ளு என்பது போல் அவர் நெஞ்சைத் தட்டினான்.

அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. நான் பானையைக் கீழே வைத்தேன். வாயால் பேசாமல் காரியம் பார்க்கிற வீட்டில் காது கேட்காத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தம் போடாத நல்ல பிள்ளை என்று எத்தனை நாள் கொஞ்சியிருக்கிறோம். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவரோ எழுந்து, “அவனுக்கு ஒண்ணுமில்ல, வெளையாட்டுப் புத்தி,” என்று சொல்லிவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். டவுனில் கிளினிக்குக்கு நாள் கிடைக்கும்வரை அதையேதான் சொன்னார். நான் அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவர் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், மாலையில் திரும்பி வருவார், ஒண்ணுமில்ல என்பார். இந்த மனிதனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைக்குமளவுக்கு வந்துவிட்டேன்.

கிளினிக்கில் காது சோதிக்கிற மிஸ் மாத்தளைக்காரி. முக்காடு போட்ட, சிரித்த முகம். மகனைச் சின்ன அறையொன்றில் உட்கார வைத்து, அவனுக்குத் தெரியாத பக்கங்களிலிருந்து விதவிதமான சத்தங்களை விட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே காதை அடைத்தது. அவனோ, அவர் கொடுத்த பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“டீச்சர், ரெண்டு காதுமே நல்லாக் கொறஞ்சிருக்கு,” என்றார், எங்களை உட்கார வைத்து. “கண்டிக்கு அனுப்பி இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். மெஷின் போட்டா எவ்வளவு கேக்கும்னு அதுக்குப் பொறகுதான் சொல்லலாம்.” எதிர்பார்த்துப் போன செய்திதான். என் கணவர் மூலைக் கதிரையில் உட்கார்ந்து, கழற்றிய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல ஒங்கட மகன் வேணுங்கிறத எப்படிக் கேட்டு வாங்குவார்?”

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. குரங்கு விரட்டுகிற சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன், கன்னம், தோள், பெருவிரல். மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். எனக்குத் துணிச்சல் வந்து, மதினியின் வீடியோவையும் சொன்னேன். “அந்தக் குரங்குக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம், மிஸ்? உண்மையைச் சொல்லுங்க. அதுவும் சைகை, இதுவும் சைகை.”

அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “நல்ல கேள்வி, டீச்சர். குரங்குக்கு நெறைய சைகை பழக்கலாம். ஆனா முக்காவாசி கேக்கத்தான் பாவிக்கும். மனுசக் குழந்தை ஒரு வயசுலயே வேற ஒரு வேல செய்யும். ஒண்ணும் வேணாம், சும்மா ஒங்களுக்குத் தெரியணும்னு ஒண்ண காட்டும். அப்படிக் காட்டுற புள்ளைக்குப் பேச்சு வாயால வந்தாலும் சரி, கையால வந்தாலும் சரி, உள்ளுக்குப் பாஷை இருக்கு. மகன் கேக்கிறது மட்டுந்தானா, ஏதாச்சும் சொல்றதும் உண்டா?”

ஜன்னலும் காக்காவும் என் கண் முன்னால் வந்தன. உண்டு என்று சொல்ல வாய் துடித்தது. கிளினிக்கில் யோசிக்காமல் பதில் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். “தெரியல, மிஸ்,” என்றேன்.

மகனுக்குக் கார் சலித்துவிட்டது. என் மடியில் ஏறி, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். தண்ணீர் கேட்கப்போகிறான், இல்லையென்றால் வீட்டுக்குப் போவோம் என்பான் என்று நினைத்தேன். அவன் அப்பாவின் தொப்பியைக் காட்டி, தன் நெற்றியைத் தட்டினான். அப்பா. பிறகு கையை மேலே, தூரத்துக்கு வீசினான். அது தோட்டம், வீட்டில் நின்று அப்படித்தான் காட்டுவோம். பிறகு இரண்டு ஆட்காட்டி விரலையும் கண்ணுக்குக் கீழே வைத்து, கன்னத்தின் வழியாகத் தாடைவரைக்கும் இழுத்தான். இந்தச் சைகையை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. எனக்குப் பிடிபடவில்லை. அவன் பொறுமையாகத் திரும்பவும் செய்தான், இந்த முறை முகத்தைக் கோணி, தோள் குலுங்க. கடைசியாக உள்ளங்கையைக் கீழே அழுத்தினான். சத்தம் போடாதே.

செய்து முடித்துவிட்டு, எனக்கு விளங்கியதா என்று என் கண்ணையே பார்த்தபடி இருந்தான். கையை நீட்டவில்லை. எதையும் கேட்கவில்லை.

“என்ன சொல்றார் மகன்?” என்றார் மிஸ்.

“அவங்கப்பா தோட்டத்துல இருந்து அழுதாராம்,” என்றேன். “யார்ட்டயும் சொல்ல வேணாம்னாராம்.”

மூலைக் கதிரையில் என் கணவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி தோள் குலுங்கியது, சற்று முன்பு மகன் செய்து காட்டியது போலவே.

“அம்மாட்ட சொல்லாதன்னு எத்தன தடவ கைய காட்டினேன்,” என்றார். “சொல்லிட்டான் பாரு.”